டெல்டாவில் பஸ்ஸும் ரயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் பஸ் கேட்டு, ரயில் கேட்டு, பாலம் கேட்டு மனு எழுதாத ஊர் இல்லை. எழுதியவர்கள் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலையைச் செய்தும் பயணம் ஏன் முழுமையாவதில்லை, ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட என்ன வழி என்பதுதான் இவற்றின் அடிப்படை.

ஒரு பஸ் விடுவதற்கு எதற்கு இத்தனை பேர் சேர்ந்து பேச வேண்டும்?

அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போன ஒரு நாளைச் சொல்கிறேன். எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். டவுன் பஸ்ஸில் வேதாரண்யம், அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, அப்புறம் மன்னார்குடி, அப்புறம் தஞ்சாவூர். விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். திருத்துறைப்பூண்டியில் நாங்கள் இறங்கும்போது மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மா மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாலு எட்டு ஓடிப் பார்த்தார், முடியவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்தார், ஆனாலும் விசில் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மன்னார்குடி டைமிங்கை அவர் பிடித்தாக வேண்டும். அடுத்த பஸ் 40 நிமிடம் கழித்து வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. டாக்டரைப் பார்க்காமலே திரும்பினோம்.

அன்று எந்த பஸ்ஸும் பழுதாகவில்லை. எந்த பஸ்ஸும் தாமதமாகவும் இல்லை. எல்லாம் அட்டவணைப்படிதான் ஓடின. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று மூன்று மாவட்டம் கடந்தோம். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இருந்த அந்த 40 நிமிடம் எந்த அலுவலகத்தின் கணக்கிலும் வராது. கூட்டாகத் திட்டமிடுவது என்று நான் சொல்வது முதலில் அந்த 40 நிமிடத்தை யாராவது தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதைத்தான். புது பஸ்ஸும் புதுப் பாதையும் அதற்கு அப்புறம்தான்.

எது யார் கையில் இருக்கிறது?

ஊர் பஸ் ஸ்டாண்டு மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியின் சொத்து. உள்ளே வரும் பஸ்ஸுக்குக் கட்டணம் வசூலிப்பதும் கழிப்பறையைப் பராமரிப்பதும் அவர்கள் வேலை. உள்ளே நிற்கும் அரசு பஸ் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்தினுடையது. பக்கத்திலேயே நிற்கும் தனியார் பஸ், பர்மிட் வாங்கிய முதலாளியுடையது. பர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அதற்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர், செயலாளர் ஆர்.டி.ஓ. எனப்படும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். சாலை சில இடத்தில் தேசிய நெடுஞ்சாலை, சில இடத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறை, கிராமத்துக்குள் நுழைந்தால் ஊராட்சி ஒன்றியம். குறுக்கே வரும் லெவல் கிராசிங் கேட் ரயில்வேயுடையது. சாலைக்கு அடியில் ஓடும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையது.

இத்தனை பேரும் ஒரே ரோட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மேஜையில் உட்காருவது அபூர்வம்.

டெல்டா முழுவதும் முன்பு ஒரே மாவட்டமாகத்தானே இருந்தது?

ஆமாம், காரைக்காலையும் ஓரப் பகுதிகளையும் விட்டுவிட்டால் பெரும்பகுதி பழைய தஞ்சாவூர் மாவட்டம்தான். 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997ல் திருவாரூர் வந்தது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனியானது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்ததால் ஜாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அலைச்சல் குறைந்தது. அது பெரிய நன்மை, மறுக்க முடியாது. ஆனால் பயணம் மாவட்டமாகப் பிரிந்துகொள்ளவில்லை. மன்னார்குடிக்காரர் கும்பகோணத்துக்குத் துணி எடுக்கப் போகிறார். பேரளத்துப் பிள்ளை காரைக்காலில் படிக்கிறது.

ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆட்சியர்கள் பலர் ஆனார்களே தவிர, அரசு பஸ்ஸுக்கு இந்தப் பகுதி முழுக்க ஒரே கழகம்தான். 1972ல் சோழன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது அது. ரயிலுக்கும் பெரும்பாலும் திருச்சி கோட்டம் ஒன்றுதான். அதாவது இந்த இரண்டு பேர் நேர அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே டெல்டாவின் பாதிச் சிக்கல் அவிழும். இதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம்.

இப்படிச் சேர்ந்து செய்த முன்னுதாரணம் நம் பக்கத்தில் உண்டா?

உண்டு, அதுவும் 130 வருடத்துக்கு முன்பே. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894ல் திறந்த சுமார் 54 மைல் ரயில் பாதை, ரயில் கம்பெனி தன் காசில் போட்டது அல்ல. அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. நிலவரியோடு ஒரு சிறு தீர்வை வசூலித்துச் சேர்த்த பணம் அது. ரயில் ஓட்டத் தெரிந்தவர்கள் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காரர்கள் என்பதால் ஓட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். பாதை ஜில்லா போர்டுடையது, ஓட்டுவது கம்பெனி. பிறகு அது அறந்தாங்கி வரைக்கும் நீண்டது.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரையிலான பாதை அதற்கு முன்பே, 1860களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அது துறைமுகத்தை உள்நாட்டோடு சேர்ப்பதற்காகப் போட்ட கம்பெனிப் பாதை. வடக்கு தெற்காக, கடைமடை ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் பாதை வேண்டும் என்று உள்ளூர் அமைப்பு நினைத்தது, பணத்தையும் திரட்டியது. வெள்ளைக்கார ஆட்சியில் ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டர்தான், அதை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும் ஓர் உள்ளாட்சி அமைப்பு ரயில் பாதைக்குச் சொந்தக்காரனாக இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பாதையெல்லாம் அகலப்பாதை ஆகிவிட்டதே, பின்னே என்ன குறை?

தண்டவாளம் போடுவது ஒரு வேலை, அதில் பயணத்தைப் போடுவது இன்னொரு வேலை. திருவாரூர் – காரைக்குடி பாதையைப் பாருங்கள். அகலப்பாதையாக மாற்ற 2012ல் பழைய மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) ரயிலை நிறுத்தினார்கள். பட்டுக்கோட்டை வரை ஒரு பக்கம் 2018லும் மறுபக்கம் 2019லும் திறந்தார்கள். சுமார் 150 கி.மீ. தூரத்துக்கு அதில் விட்ட டெமு (டீசல் பயணிகள்) ரயில் அப்போது எடுத்துக்கொண்ட நேரம் ஆறு மணி நேரத்துக்கும் மேல்.

காரணம், கேட்டுகளில் ஆள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் ஜல்லியில் குதித்து இறங்கி, நடந்துபோய் கேட்டைச் சாத்துவார், கொடி காட்டுவார். ரயில் மெல்ல நகர்ந்து கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே கதை. சைக்கிளில் போகிறவர்கள் ரயிலை முந்திப் போனதை நானே பார்த்தேன். பின்னால் கேட்டுகளுக்கு ஆள் போட்டதும் நேரம் குறைந்தது. ஆனால் அதற்குள் மக்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை என்பதால் ரயில் குறைவு, ரயில் குறைவு என்பதால் ஏறுவதற்கு ஆள் இல்லை என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கி.மீ. பாதையும் அப்படித்தான். 2004ல் நின்றது, 2023 ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. 19 வருடத்தில் ஒரு தலைமுறையே ரயில் இல்லாமல் வளர்ந்துவிட்டது. தொடங்கியபோது விட்ட நடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உப்பளத்து வேலைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் எந்த நேரத்துக்குப் போய் எந்த நேரத்துக்குத் திரும்புகிறார்கள் என்று கேட்டு நேரம் வைத்தால், அங்கே இறங்கினால் கோடியக்கரைக்கோ வேதாரண்யம் கடைத்தெருவுக்கோ ஒரு டவுன் பஸ் காத்திருந்தால், அந்தப் பெட்டிகள் நிரம்பும். மன்னார்குடி அதற்குச் சாட்சி. 1970களில் நின்ற நீடாமங்கலம் – மன்னார்குடிப் பாதை 2011ல் திரும்ப வந்தது. இன்று சென்னைக்கும் கோவைக்கும் அங்கிருந்தே ரயில் ஏறுகிறார்கள்.

பஸ்ஸும் ரயிலும் நேரம் பார்த்துச் சேர்வது நடக்கிற காரியமா?

சுவிட்சர்லாந்தில் 1982லிருந்து நாடு முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. மணிக்கு ஒரு தடவை, ஒரே நிமிடத்தில் ரயில் வரும். அந்த நிமிடத்தை ஒட்டி மலைக்கிராமத்துத் தபால் பஸ் வாசலில் நிற்கும். அங்கே எந்த ஊர்கள் எந்த நிமிடத்தில் சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி எந்த இடத்தில் பாதையைச் சரிசெய்வது என்று பார்த்தார்கள்.

அவ்வளவு பெரிய வேலை இப்போது வேண்டாம். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டி ஆகிய ஐந்து ஊர்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை வந்துபோகும் ரயில்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு ஒட்டி எந்தெந்த டவுன் பஸ் வருகிறது என்று பார்த்தாலே போதும். தஞ்சாவூரில் ரயில்வே ஜங்ஷன் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். வெளியூர் பஸ் நிற்கும் புதிய பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, திருச்சி ரோட்டில். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோக நெரிசல் ஒரு நல்ல காரணம்தான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ரயில்வேக்காரரும் கழகத்துக் கிளை மேலாளரும் அந்த அறையில் இருக்க வேண்டும். கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகு இணைப்பு பஸ் கேட்டால் அது சலுகை கேட்பது போல ஆகிவிடுகிறது.

காரைக்காலுக்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், இரண்டையும் தாண்டினால் தமிழ்நாடு. நாகூரிலிருந்து பத்து கிலோமீட்டர் போகும் பஸ்கூட சட்டத்தின் கண்ணில் மாநிலம் தாண்டும் பஸ்தான். ஒரு மாநிலத்தில் கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்கேயும் மேலொப்பம் (அந்த மாநிலத்து ஆணையத்தின் ஒப்புதல் கையெழுத்து) வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 88 சொல்கிறது. எந்த வழித்தடத்தில் எத்தனை பர்மிட் என்பதை இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்யும். தொடங்கும் ஊரும் முடியும் ஊரும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் 16 கி.மீ.க்கு மிகாமல் அடுத்த மாநிலத்துக்குள் போகும் பஸ்ஸுக்கு மேலொப்பம் தேவையில்லை என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது.

இதில் மக்களுக்கான ஒரு வாசல் இருப்பது பலருக்குத் தெரியாது. அப்படி ஒரு ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் அதை அரசிதழிலும் அந்தப் பகுதித் தமிழ் நாளிதழிலும் வெளியிட வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். திருநள்ளாறு சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் மனதில் வைத்துப் பர்மிட் எண்ணிக்கை போட்டால், மற்ற ஆறு நாள் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் கணக்கில் விட்டுப்போவார்கள். அதை எழுதிக் கொடுக்க வேண்டியது அந்த 30 நாளில்தான்.

ரயிலுக்கு எல்லை கிடையாது. நாகூர் – காரைக்கால் பாதை 2011ல் வந்தது. 1980களின் இறுதியில் நிறுத்திய பேரளம் – காரைக்கால் பாதையையும் மறுபடி போட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் நின்ற மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதையைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சாலை, பாலம் வேலையில் விவசாயிகளை ஏன் சேர்க்க வேண்டும்?

டெல்டாவில் சாலை என்பது ஒரு கரை. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. குறுக்கே ஒரு ரோட்டை இரண்டடி உயர்த்திவிட்டு, பழைய பத்து மதகுக்குப் பதில் ஆறு குழாய் பதித்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு பக்கத்துச் சம்பா அழுகிப்போகும். எந்த மதகு எந்த வடிகால் வாரிக்குத் தண்ணீரை இறக்குகிறது என்பது வரைபடத்தைவிட அந்த வயல்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று காலம். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். ஆற்றிலும் வாய்க்காலிலும் பாலத்துக்குக் கால் ஊன்ற, மூடியதற்கும் மறுபடி திறப்பதற்கும் இடைப்பட்ட நாலரை மாதம்தான் கிடைக்கும். டெண்டர் ஏப்ரலில் முடிந்து ஒப்பந்ததாரர் மே மாதம் வந்தால், தண்ணீர் வந்துவிடும், ஒரு வருடம் போய்விடும். நெடுஞ்சாலைத் துறையும் நீர்வளத் துறையும் கார்த்திகையிலேயே பேசி வைத்தால் இது நேராது.

ரயில்வே மேம்பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும், இரண்டு பக்க ஏற்றத்தையும் வழக்கமாக மாநில அரசு கட்டும், செலவையும் பகிர்ந்துகொள்ளும். நிலம் எடுப்பது மாநிலத்தின் பொறுப்பு. ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காவிட்டால் நடுவில் மட்டும் பாலம் அந்தரத்தில் நிற்கும். நீடாமங்கலத்தில் நெல் ஏற்றிய சரக்கு ரயிலுக்காக கேட் சாத்தினால் தஞ்சாவூர் – நாகப்பட்டினம் ரோடே நின்றுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாமதத்தின் விலை தெரியும். ஆம்புலன்ஸும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

மினி பஸ்ஸால் இது தீராதா?

ஓரளவு தீரும். 2025ல் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் பெரும்பகுதி பஸ் இல்லாத ஊர்களாக இருக்க வேண்டும். வழித்தடத்தை மாவட்டம் மாவட்டமாக முடிவு செய்வதால், எல்லையோரக் கிராமம் மட்டும் இரண்டு பக்கமும் விட்டுப்போகிற ஆபத்து இருக்கிறது. அந்தக் கிராமங்களின் பட்டியலை இரண்டு ஆர்.டி.ஓ. அலுவலகமும் பரிமாறிக்கொண்டால் போதும்.

எல்லாரும் ஒன்றுசேர்வது நடைமுறையில் முடியுமா? அரசு இயந்திரம் அப்படியா?

வருடாவருடம் செய்கிறார்களே. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு முன்பே ஆட்சியர், போலீஸ், ரயில்வே, போக்குவரத்துக் கழகம், பேரூராட்சி எல்லாரும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள். சிறப்பு ரயில் எத்தனை, தற்காலிக பஸ் ஸ்டாண்டு எங்கே, தண்ணீர் லாரி எங்கே என்று பேசி முடிக்கிறார்கள். 2016 மகாமகத்தில் கும்பகோணம் அத்தனை ஜனத்தைத் தாங்கியதும் அப்படித்தான். திறமை இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. திருவிழாவுக்கு வருகிற விருந்தாளிக்குச் செய்வதை, தினமும் போய்வரும் ஊர்க்காரருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போட்டுச் செய்யுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. அடுத்த மகாமகம் 2028 மாசியில் வருகிறது. அதற்காகக் கூடும் குழுவைத் திருவிழா முடிந்ததும் கலைக்காமல் வைத்துக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. சென்னைக்கு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று 2010ல் தனிச் சட்டமே போட்டார்கள். டெல்டாவுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 243இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைச் சொல்கிறது. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான விஷயங்களையும் உள்கட்டமைப்பையும் சேர்த்துத் திட்டம் போடுவது அதன் கடமை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பல ஊர்களைச் சேர்த்து மண்டலத் திட்டம் போட வழி இருக்கிறது. நான்கு மாவட்டத் திட்டக் குழுக்கள் ஒரே நாளில் கூடி, காரைக்கால் நிர்வாகத்தையும் அழைத்து, போக்குவரத்து பற்றி மட்டும் ஒரு தீர்மானம் போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

நஷ்டம் வந்தால் யார் தாங்குவது?

இப்போதும் பலவற்றை அரசு தாங்கத்தான் செய்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தத் தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. மாணவர் பாஸும் அப்படியே. நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றுவதற்குக் காசு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் அதிலிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

"எங்கள் ஊருக்குக் கூடுதல் பஸ் வசதி செய்து தரவும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய மனுக்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் நின்று நேரத்தைக் குறியுங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த பஸ் அதற்கு எத்தனை நிமிடம் முன்னால் போய்விடுகிறது, எத்தனை பேர் இறங்கி நிற்கிறார்கள் என்று மூன்று கட்டம் போட்டால் போதும். கல்லூரிப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள்.

அதைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு சபை நடக்கிறது. பாதையில் இருக்கும் பக்கத்து மாவட்ட ஊராட்சியும் அதே வாசகத்தில் தீர்மானம் போட்டால் பலம் கூடும். பிறகு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இரண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரே மனுவைக் கொடுங்கள். அது இன்னொரு மாவட்டத்திலும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ரயில் சம்பந்தப்பட்டிருந்தால் திருச்சி கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கு ஒரு நகல். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான் கொடுத்த மனு இரண்டே வரி: திருத்துறைப்பூண்டிக்கு வேதாரண்யம் பஸ் வந்து சேரும் நேரமும், மன்னார்குடி பஸ் கிளம்பும் நேரமும், நடுவே உள்ள நிமிடங்களும். கீழே 63 கையெழுத்து. முதல் கையெழுத்து அம்மாவுடையது.